பெயர் மறுத்தல் முறையோ?

அரசியலமைப்பு ஏனைச் சட்டங்கட்கெல்லாம் வேராய் நிற்பது. பெரும்பான்மையோர் அவ்வேரைத் திருத்திச் சிலர்க்கு மட்டும் மணம் என்னும் பெயரை மறுத்தல் முறையாமோ என்பதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளுள் ஒன்றாய கலிபோர்னியாவின் உச்சநீதிமன்றம், ஒருபாலார் தம்முள் மணத்தலைத் தடுத்த சட்டம் செல்லாதென 2008 மே மாதத்தில் தீர்ப்பளித்தது. ஏறத்தாழ 18,000 இணையர் மணந்தனர். நவம்பரில், வாக்களித்தாருள் நூற்றுக்கு 52 பேர், ஆண்பெண் மணமே செல்லுமென அமைப்பினைத் திருத்தினர். 2009-இல் அந்நீதிமன்றமே, திருத்தமும் செல்லும், முன்னிகழ்ந்த மணங்களும் செல்லும் என்றது. விந்தையே! அன்பு ஒன்றாயிருப்பவும், நாள்பற்றிச் சிலர் மணந்தாராயினர், சிலர் ஆகாராயினர்.

அற்றேல், பதிவுபெற்ற துணைமையால் அம்மாநிலம் அவர்க்கு ஏனை உரிமைகளைப் பெரும்பாலும் நல்கியிருந்ததே, மறுக்கப்பட்டது பெயரொன்றே எனின், அன்று. பெயரிற் பொருளின்றேல் அதனைக் காத்தற்கு அத்துணைப் பெரும்போர் எற்றுக்கு? பொருளுண்டேல் அதனை மறுத்தல் சிறிதாமாறு யாங்ஙனம்? தொன்மை பேணக் கருதினார் கருத்து இகழற்பாலதன்று. ஆயினும், பிறர் மணத்திற்கு இதனால் வரும் கேடு யாதெனக் கூட்டரசு நீதிபதி 2009-இல் வினவ, திருத்தத்தின்பொருட்டு வாதிட்ட வழக்கறிஞர் முதற்கண் அறியேன் என்றே விடையிறுத்தார்.

2013-இல் மணங்கள் மீளத் தொடங்கின. 2015-இல் நாடெங்கும் அவ்வுரிமை நிலைபெற்றது. செயலற்ற அத்தொடர் மட்டும் அமைப்பிற் கிடந்தது. 2024 நவம்பரில் அம்மாநிலத்தார் தாமே வாக்களித்து அதனை நீக்கினர்.