ஈரத் துணி

ஆடியில் உடன்குடி, சாத்தான்குளம் பக்கத்து வீடுகளில் மேற்குச் சன்னல்கள் பகலெல்லாம் மூடிக் கிடக்கும். மழையை மேற்கு மலைக்கு அந்தப் பக்கமே இறக்கிவிட்டு வறண்டு வரும் காற்று, தேரிக்காடு என்னும் செம்மணல் மேட்டைக் கிளறிக்கொண்டு ஊருக்குள் நுழையும். தேரி மணலின் மேல் இரும்பின் துரு படிந்திருக்கிறது. அந்தச் சிவப்பு அதனால் வந்தது.

பெருங்காற்று அடித்த மறுநாள் காலையில் எதையும் துடைக்காமல் வீட்டை ஒருமுறை சுற்றி வருவேன். காற்று எவ்வளவு ஒழுங்காகப் பிரித்து வைத்திருக்கிறது! சன்னல் விளிம்பில் விரலுக்கு நெருடும் மணல். அது கனமானது, தாவித் தாவி வந்து, தடுக்கிய இடத்தில் விழுந்துவிடும். நடு அறை அலமாரியின் மேல் நுண்ணிய செம்பொடி. உள்ளறையில் கட்டிலுக்கு அடியில் சிவப்பே இல்லை. சாம்பல் நிறத்தில் பஞ்சுச் சுருள். அடுக்களையில் எண்ணெய்ப் புகையோடு சேர்ந்து பிசுபிசுக்கிறது. ஒரே வீட்டில் நாலு விதத் தூசி. நாலையும் ஒரே கையசைப்பில் தட்டிவிட முடியாது.

*

வீட்டுத் தூசியெல்லாம் மனிதத் தோல் உதிர்ந்ததுதான் என்று பலர் சொல்வதுண்டு. அப்படியல்ல. தோல் செதில் அதில் இருக்கிறது. கூடவே உடுப்பிலும் படுக்கையிலும் இருந்து உதிர்ந்த நூலிழை, முடி, தெருமண், வாகனக் கரி, மகரந்தம், கரப்பானின் உடல் துணுக்கு எல்லாம் இருக்கின்றன. எது எவ்வளவு என்பது வீட்டுக்கு வீடு மாறும்.

தெருமண் காற்றில் மட்டும் வருவதில்லை, காலோடும் வருகிறது. செருப்பை வெளியே விட்டு, கால் கழுவிவிட்டுப் படியேறும் பழக்கத்துக்கு இணையான தூசித் தடுப்பு வேறில்லை. வாசலுக்கு வெளியே ஒரு முரட்டு மிதியடி, உள்ளே ஒரு துணி மிதியடி. இரண்டையும் வாரம் ஒருமுறை தெருப்பக்கம் கொண்டுபோய் உதற வேண்டும். வாசலில் நின்றுவிட்ட மண்ணை அறை அறையாகத் தேடித் துடைக்க வேண்டியதில்லை.

*

கிளம்பிய தூசி இறங்க எவ்வளவு நேரம் ஆகும்? 1851-இல் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் வகுத்த விதி இதற்கு விடை தருகிறது. துகளின் விட்டம் பாதியானால், அது இறங்கும் வேகம் கால் பங்காகிவிடும். அசையாத காற்றில் 10 மைக்ரான் துகள் ஆள் உயரத்திலிருந்து சில நிமிடங்களில் தரையைத் தொடும். 1 மைக்ரான் துகளுக்குப் பல மணி நேரம் பிடிக்கும். தலைமுடியின் தடிமன் ஏறத்தாழ 70 மைக்ரான் என்பதை நினைத்துக்கொண்டால் இந்த அளவுகள் பிடிபடும்.

கண்ணுக்குத் தெரிகிற தூசி சீக்கிரம் கீழே போய்விடுகிறது. நுரையீரலின் ஆழம் வரை போகக்கூடியது காற்றிலேயே தங்கிவிடுகிறது. உலர்ந்த துணியால் படபடவென்று தட்டினால் அலமாரி பளிச்சென்று ஆகும். அதிலிருந்த நுண்பொடியோ மூச்சுக்குள் போகும். இந்தக் குறிப்பில் ஒரே ஒரு வரிதான் மிஞ்சும் என்றால், அது இதுவாக இருக்கட்டும்: தூசியைக் கிளப்பாதே, பிடி.

வாசலில் தண்ணீர் தெளித்துவிட்டுத் தூத்துகிற ஆச்சிமார் செய்வதும் இதுதான். முதலில் தண்ணீர், பிறகு வாரியல். வாசலில் காக்கும் அந்த முறையை வீட்டுக்குள்ளும் காக்க வேண்டும்.

*

வேலையின் வரிசை மேலிருந்து கீழ்.

மின்விசிறியை நிறுத்த வேண்டும். அது முழுக்க நிற்கும் வரை காத்திருக்க வேண்டும். ஒட்டடைக் கம்பின் நுனியில் ஈரத்துணியைச் சுற்றிக்கொண்டால் மூலையிலிருக்கும் ஒட்டடை உதிராமல் ஒட்டிக்கொண்டு வரும். விசிறி இறக்கைக்குப் பழைய தலையணை உறை ஒன்று போதும். இறக்கையை உறைக்குள் நுழைத்து, இரு பக்கமும் அழுத்தி மெதுவாக வெளியே இழுத்தால், தூசி முழுதும் உறைக்குள் விழுந்துவிடும். ஸ்டூலின் காலைப் பிடித்துக்கொள்ள இன்னொருவர் வேண்டும்.

பிறகு அரை மணி நேரம் அந்த அறையை அப்படியே விட்டுவிடலாம். இறங்கக்கூடியது இறங்கட்டும். இந்த இடைவெளியும் வேலையில் சேர்ந்ததே.

அதன் பிறகு படச் சட்டம், கதவின் மேல்விளிம்பு, அலமாரி, சன்னல் கம்பி. கொசுவலையில் ஒரு பருவத்துத் தூசி சிக்கியிருக்கும். கழற்ற முடிந்தால் கழற்றிக் கொல்லைப்புறத்தில் கழுவலாம். தரை கடைசியில். முதலில் தரையைத் துடைத்துவிட்டு விசிறிக்குப் போனால் தரையை மறுபடி துடைக்க வேண்டி வரும்.

*

துணியை நனைத்து நன்றாகப் பிழிய வேண்டும். சொட்டுகிற துணி தூசியைச் சேறாக்கிக் கோடு இழுக்கும். பிழிந்த துணியை நாலாக மடித்தால் எட்டு முகம் கிடைக்கும். ஒன்று அழுக்கானதும் அடுத்தது. துணியை முன்னும் பின்னும் தேய்க்காமல், ஒரே திசையில் நீளமாக இழுக்க வேண்டும். அவசரப்படுகிற கை தன்னையறியாமல் தட்டத் தொடங்கிவிடும். மூச்சு நிதானமானால் இழுப்பும் நிதானமாகிறது.

மைக்ரோஃபைபர் துணியின் இழைகள் முடியைவிட மிக மெல்லியவை. தூசியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். டிவி திரைக்கு அதை உலர்வாகவே பயன்படுத்தலாம். புத்தகத்துக்கு ஈரம் ஆகாது: இறுக மூடிப் பிடித்து, முதுகிலிருந்து வெளிப்பக்கமாக மென்மையான தூரிகையால் ஒதுக்க வேண்டும்; அதையும் திண்ணையில் வைத்துச் செய்வது நல்லது.

வேக்குவம் கிளீனர் இருந்தால், அதன் வடிகட்டியைப் பார்த்து வாங்க வேண்டும். ஹெப்பா வடிகட்டி 0.3 மைக்ரான் துகளில் 99.97 விழுக்காட்டைப் பிடிக்கும். நல்ல வடிகட்டி இல்லாத இயந்திரம் முன்னால் உறிஞ்சிய நுண்பொடியைப் பின்னால் ஊதிவிடும்.

*

படுக்கை.

1960-களில் நெதர்லாந்தின் லைடன் நகர ஆய்வாளர்கள், வீட்டுத் தூசியால் வரும் ஒவ்வாமைக்குத் தூசி உண்ணியே முக்கியக் காரணம் என்று காட்டினார்கள். அரை மில்லிமீட்டர்கூட இல்லாத உயிர். நாம் உதிர்க்கும் தோல் செதில் அதற்கு உணவு. அது தண்ணீர் குடிப்பதில்லை, காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சிக்கொள்கிறது. காற்றின் ஈரப்பதம் 50 விழுக்காட்டுக்குக் கீழே நீடித்தால் அதனால் தழைக்க முடியாது. நம் கடற்கரை ஊர்களில் அந்த வறட்சி அரிது.

மெத்தையை வெயிலில் போட்டால் உண்ணிகள் பல சாகும். ஆனால் ஒவ்வாமையைத் தூண்டுவது பெரும்பாலும் அவற்றின் கழிவு. அது வெயிலில் அழிவதில்லை. ஆகவே காய்ந்த பிறகு வெளியிலேயே வைத்துத் தட்டவும் வேண்டும். விரிப்பையும் தலையணை உறையையும் வாரம்தோறும் 60 டிகிரிச் சூட்டில் துவைத்தால் உண்ணியும் சாகும், கழிவும் கரைந்து போகும்.

*

புதிதாகத் தூசியை உண்டாக்காமல் இருப்பதும் சுத்தம் செய்வதுதான். கொசுவத்திச் சுருள் ஒன்று முழுதும் எரிந்தால் வெளிவரும் நுண்துகள், 75 முதல் 137 சிகரெட்டுகள் எரிவதற்குச் சமம் என்று 2003-இல் வெளியான ஆய்வு ஒன்று கணக்கிட்டது. படுக்கைக்கு மேல் ஒரு கொசுவலை கட்டினால் சுருள் தேவைப்படாது. ஊதுவத்தியை ஏற்றினால் சன்னலைத் திறந்து வைக்கலாம்.

பழைய வீட்டின் கதவு, சன்னலில் உரியும் பெயிண்டை உலர்வாகச் சுரண்டக் கூடாது. வீட்டுப் பெயிண்டில் ஈயம் 90 பிபிஎம்-க்கு (பத்து லட்சத்தில் 90 பங்குக்கு) மேல் இருக்கக் கூடாது என்ற விதி இந்தியாவில் நடைமுறைக்கு வந்தது 2017 நவம்பரில். அதற்கு முந்தைய பூச்சில் ஈயம் கூடுதலாக இருக்கலாம். தவழும் குழந்தை தரையைத் தொட்ட கையை வாயில் வைக்கும். அந்தச் சன்னலுக்குக் கீழே ஈரத்துணி மட்டுமே படவேண்டும்.

*

ஆடிக் காற்று சுழன்ற மறுநாள் குனிந்து தூத்துகிறவரின் முகம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று கவனித்தேன். வீட்டில் தூசிக்கு மிக அருகில் இருக்கும் மூக்கு அவருடையது. அது அம்மாவாக இருக்கலாம், மனைவியாக இருக்கலாம், கூலிக்கு வரும் அக்காவாக இருக்கலாம். நாலு வீட்டில் வேலை செய்கிறவர் நாலு வீட்டுத் தூசியையும் சுவாசிக்கிறார். வாசலில் உட்கார்ந்து காப்பி குடிக்கிறவர்களுக்குத் தரை சுத்தமானது மட்டுமே தெரிகிறது.

வீடு சுத்தமாவதற்கு ஒருவருடைய நெஞ்சு விலையாகக் கூடாது. அவர் வருவதற்கு முன்பே விசிறியை நிறுத்தி வைக்கலாம். காற்று அடிக்காத பக்கத்துச் சன்னலைத் திறந்துவிடலாம். கையில் உலர்ந்த வாரியலுக்குப் பதிலாக, நிமிர்ந்து நின்று துடைக்கும்படி நீளப்பிடி மாப்பும் பிழிந்த துணியும் தரலாம். ஒட்டடை அடிக்கிற அன்று முகக்கவசமும் தர வேண்டும். முடிந்தால் அந்த வேலையை நாமே எடுத்துக்கொள்ள வேண்டும்.

நாளைக்கும் தேரியிலிருந்து காற்று வரும். அதை நிறுத்த யாராலும் ஆகாது. அது கொண்டுவரும் பொடி ஒருவர் மூச்சில் ஏறாமல் துணியில் ஏற, ஒரு வாளித் தண்ணீரும் அரை மணிப் பொறுமையும் வேண்டும். வீட்டிலுள்ள ஒவ்வொருவராலும் அதைத் தர முடியும். ஒருவர் தலையில் மட்டும் அதைக் கட்டக் கூடாது.