கையேந்தாமல் நிற்பவர்

ரிங்லெட்டில் சுபுஹு தொழுகைக்கு வருபவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி தொழுவதில்லை. பகாங்கின் மற்ற பள்ளிவாசல்களைப் போல இங்கேயும் ஷாபி மத்ஹப் முறைதான். இரண்டாம் ரக்அத்தில் ருகூவிலிருந்து நிமிர்ந்ததும் இமாம் கைகளை உயர்த்தி குனூத் என்கிற துஆவை ஓதுவார். மலாய்க்காரர்கள் கையேந்தி ஆமீன் சொல்வார்கள். அதே வரிசையில் தமிழ் ராவுத்தர் ஒருவர் நிற்கலாம், காய்கறித் தோட்டத்தில் வேலை செய்யும் வங்காளதேசி ஒருவர் நிற்கலாம். அவர்கள் ஹனபி. ஹனபி முறையில் சுபுஹில் குனூத் கிடையாது. கைகளைத் தொங்கவிட்டு, பேசாமல் நிற்பார்கள்.

அந்த மௌனத்துக்கு என்ன பொருள்? ஒப்புதலா, எதிர்ப்பா, இல்ல நமக்கேன் வம்பு என்கிற ஒதுங்கலா? சரியில்லை என்று நினைக்கிற ஒன்றில் சேர்ந்து நிற்பது பாசாங்கு ஆகாதா?

இது பழைய கேள்வி. 1197இல் இறந்த மர்கீனானீ எழுதிய 'ஹிதாயா' என்ற ஹனபி சட்டநூல் தமிழ்நாட்டு மதரசாக்களில் இன்றும் ஓதப்படுவது. குனூத் ஓதும் இமாமுக்குப் பின்னால் நிற்கும் ஹனபி என்ன செய்யணும் என்று அதில் ஒரு விவாதம் வருகிறது. இமாமைப் பின்பற்றி ஓதலாம் என்பது அபூ யூசுஃபின் கருத்து. அபூ ஹனீஃபாவும் முஹம்மதும் மௌனமாக இருக்கச் சொல்கிறார்கள். சரி, மௌனமாக எப்படி இருப்பது? தன் மாறுபாடு வெளியே தெரியும்படி உட்கார்ந்துவிட வேண்டும் என்கிறார்கள் சிலர். நிற்கத்தான் வேண்டும் என்கிறார்கள் வேறு சிலர். நிற்பதையே மர்கீனானீ தேர்ந்தெடுக்கிறார்.

எனக்கு இந்தத் தேர்வு முக்கியமாகப் படுகிறது. உட்கார்ந்தால் தன் கருத்துக்காக வரிசையையே கலைக்கிறோம். கையேந்தினால் நமக்கென்று ஒரு கருத்து இருந்ததே தெரியாமல் போய்விடும். பேசாமல் நிற்பவர் வரிசையோடும் இருக்கிறார், நம்பாத ஒன்றுக்கு ஆமீனும் சொல்லவில்லை. இதில் பாசாங்கு எங்கே இருக்கு?

இதற்கும் முந்தைய ஒரு சம்பவம் ஹதீஸ்களில் இருக்கிறது. ஹஜ்ஜின்போது மினாவில் நபியவர்கள் பயணத் தொழுகையாக இரண்டு ரக்அத்தே தொழுதார்கள். கலீஃபா உஸ்மான் அதை நான்காகத் தொழ வைத்தார். இப்னு மஸ்ஊத் அதை வெளிப்படையாகவே குறை சொன்னார். பிறகு அவரும் போய் நான்கு ரக்அத் தொழுதார். ஏன் என்று கேட்டதற்கு, பிளவு கெட்டது என்றார். குறை சொன்ன வாயை அவர் திரும்பப் பெறவில்லை என்பதைக் கவனிக்கணும்.

ஒற்றுமை என்ற பேரில் எல்லாவற்றையும் மூடிவிடலாம் என்று நான் சொல்ல வரவில்லை. 1183இல் மக்கா போன பயணி இப்னு ஜுபைர், ஒவ்வொரு மத்ஹபுக்கும் தனித்தனி இமாம் இருந்ததை எழுதியிருக்கிறார். மஃரிபில் எல்லா ஜமாஅத்தும் ஒரே நேரத்தில் நடக்கும். யாருடைய தக்பீர் என்று தெரியாமல், ஒரு இமாமுக்குப் பின்னால் நின்றவர் வேறொரு இமாமோடு ருகூ செய்துவிடுவாராம். 1924இல் மக்கா இப்னு சவூதின் கைக்கு வந்த பிறகுதான் அங்கே ஒரே இமாம், ஒரே ஜமாஅத் என்றானது. குழப்பம் தீர்ந்தது. ஆனால் அது அதிகாரம் தீர்த்துவைத்த குழப்பம். நம்ம ரிங்லெட் ராவுத்தரை யாரும் கட்டாயப்படுத்தவில்லை.

தமிழ்நாட்டில் 1980களுக்குப் பிறகு தவ்ஹீத் இயக்கம் பரவியபோது இருப்பில் விரலசைப்பது, சத்தமாக ஆமீன் சொல்வது, நெஞ்சில் கை கட்டுவது எல்லாம் ஊர்ச் சண்டையானது. சிலர் பள்ளியை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். சிலர் தாங்களே பிரிந்து தனிப்பள்ளி கட்டினார்கள். பொறுமையைச் சிறுபான்மையிடம் மட்டும் கேட்டால் இப்படித்தான் ஆகும். தொங்கும் கைகளைப் பார்த்தும் விசாரணை வைக்காமல் விடுவது பெரும்பான்மையின் பங்கு. அந்தப் பங்கு இல்லாத இடத்தில் மௌனம் வெறும் பயம்தான்.

இன்னொரு எல்லையும் இருக்கிறது. தமிழ்நாட்டுப் பள்ளிகள் பலவற்றில் பெண்கள் தொழ இடமே கிடையாது. மலேசியப் பள்ளிகளில் அவர்களுக்கென்று பகுதி உண்டு. குனூத் விஷயத்தில் ராவுத்தர் காட்டும் பொறுமையை உதாரணமாகக் காட்டி, ஊரில் உள்ள ஒரு பெண்ணிடம் "நீயும் பேசாமல் இரும்மா" என்று சொல்ல முடியாது. ராவுத்தர் வரிசையில் நின்றுகொண்டு மாறுபடுகிறார். அந்தப் பெண்ணுக்கு இன்னும் வரிசையே தரப்படவில்லை. அவள் கேட்பதைப் பிளவு என்று சொல்வது அநியாயம்.