மாமா வீடு

நெய்வேலி டவுன்ஷிப்பில் எல்லா வீட்டுக்கும் வட்டமும் எண்ணும் உண்டு. தாத்தா வீடு என்று ஒன்று கிடையாது. 1956-ல் நிலக்கரி நிறுவனம் தொடங்கியபின் வேலைக்காகப் பல ஊர்களிலிருந்து வந்து சேர்ந்த குடும்பங்கள். ஓய்வு பெற்றால் குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும். அப்பாவின் பதவி என்ன என்பதை வீட்டின் அளவே சொல்லிவிடும். பிள்ளையின் மார்க் சாயங்காலத்துக்குள் வட்டம் முழுக்கத் தெரிந்துவிடும்.

கோபித்துக்கொண்டு போய் ஒரு வேளை சாப்பிட்டுத் திரும்ப அடுத்த தெருவில் சித்தி வீடு இல்லை. அதனால்தான் சின்னக் கோபமும் பெரிய முடிவாகிவிடுகிறது.

*

"மாமா வீட்லயே தங்கிப் படிக்கிறேம்மா" என்கிறான் என் மகன். ப்ளஸ் ஒன். பள்ளிக்கு நேரமானால் கதவைச் சாத்திக்கொள்கிறான். நைட் ஷிஃப்ட் முடிந்து வரும் அப்பாவோடு பேச்சே இல்லை. மாமா இருப்பது விருத்தாசலத்தில். அங்கே இவன் யார் பிள்ளை என்று யாரும் எடை போடுவதில்லை. அத்தை கேட்கும் "சாப்பிட்டியா" வெறும் சாப்பாட்டைப் பற்றியது. அம்மா கேட்கும் "சாப்பிட்டியா"வுக்குள் "படிச்சியா"வும் இருப்பது பிள்ளைகளுக்குத் தெரியும்.

*

வள்ளலாரின் வடலூர் பக்கத்தில்தான் இருக்கிறது. அவரை ஜோதியோடு நினைக்கிறோம். வீட்டுக்கு அடங்காத சிறுவனாக நினைப்பதில்லை. 1823-ல் மருதூரில் பிறந்தவர். கைக்குழந்தையாக இருக்கும்போதே தந்தை ராமையா காலமானார். சென்னையில் அண்ணன் சபாபதி பொறுப்பில் வளர்ந்தார். பள்ளிக்குப் போகாமல் கந்தகோட்டத்திலேயே கிடந்த தம்பிக்குச் சோறு போடக் கூடாது என்று அண்ணன் சொல்லிவிட, அண்ணி பாப்பாத்தியம்மாள் கணவருக்குத் தெரியாமல் போட்டார் என்கிறது வள்ளலார் வரலாறு. ஒரு திதி நாளில் அண்ணி அழ, வீட்டுக்குத் திரும்ப இசைந்து, தனக்கென்று ஓர் அறை கேட்டாராம். கேட்டது கிடைத்தது.

அந்தப் பிள்ளைதான் 1867-ல் வடலூரில் தருமசாலை தொடங்கினார். அங்கே அடுப்பு இன்றும் எரிகிறது.

கண்டிக்க ஒருவர், சோறு போட ஒருவர் என்று அந்த வீட்டில் ஆள் இருந்தது. மூன்று பேர் வாழும் குவார்ட்டர்ஸில் அந்த இரண்டாவது ஆளை வெளியூரில்தான் தேட வேண்டியிருக்கிறது.

*

யார் பொறுப்பில் வளர்வது என்ற வழக்கில், விவரம் தெரிந்த வயதுப் பிள்ளையின் விருப்பத்தை நீதிமன்றம் கருத்தில் கொள்ளலாம் என்கிறது 1890-ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம். வெள்ளைக்காரன் காலத்துக் கோர்ட்டு காட்டிய பொறுமையாவது வீட்டில் வேண்டாமா?

*

அனுப்புவதென்றால் முறையோடு அனுப்ப வேண்டும். அரையாண்டுத் தேர்வு வரை என்று கெடு பேசிக்கொள்வது நல்லது. மளிகைச் செலவுக்கு மாமா கையில் பணம் கொடுக்க வேண்டும். வேவு பார்க்கும் வேலையைக் கொடுக்கக் கூடாது. அப்பாவும் வாரம் ஒருமுறை போய் அவனோடு உட்கார்ந்து சாப்பிட வேண்டும். இங்கே அவன் அறை அப்படியே இருக்கட்டும்.

பிள்ளை தூங்காமல் கிடந்தாலோ, சாவைப் பற்றிப் பேசினாலோ மாமா வீடு மருந்தாகாது. உடனே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். அரசின் மனநல உதவி எண் 14416, இரவிலும் எடுப்பார்கள்.