பழிக்குப் பங்குண்டோ?

பலர் கூடிச் செய்த பழி, பலர்க்கும் பகுக்கப்பட்டுக் குறையுமோ என்பது ஆராயற்பாலது.

ஆடம் குட்ஸ் என்பார் ஆஸ்திரேலியத் தொல்குடியிற் பிறந்து, சிட்னிக் குழுவிற் காற்பந்தாடிய வீரர். 2013-ஆம் ஆண்டு மெல்போர்ன் ஆட்டக்களத்தில் 13 வயதுச் சிறுமி ஒருத்தி அவரைக் குரங்கென இகழ்ந்தாள். அவரோ, குற்றம் அவளதன்று என்றார். அவளும் அவர்பால் மன்னிப்பு வேண்டினாள்.

2015-இல் நிகழ்ந்தது வேறு. அவர் பந்தைத் தொடுந்தோறும், காண வந்தோர் பல்லாயிரவர் கூவி இழித்தனர். 'அஃது ஆட்டம் பற்றியதே. குடிப்பிறப்புப் பற்றியதன்று' என்பாரும் உளர். அற்றேல், ஒன்றாய்க் கலந்த கூச்சலில் இவ்விரண்டையும் கேட்போர் பிரித்தறிவது யாங்ஙனம்? அவ்வாண்டே அவர் ஆட்டந் துறந்தார். 2019-இல் ஆஸ்திரேலியக் காற்பந்துக் கழகமும் அதன் 18 குழுக்களும், அவர்க்குத் துணைநில்லாமைக்கு வருந்தி மன்னிப்பு வேண்டின.

தனித்துப் பிழைத்த சிறுமி தன் பிழையை அறிந்தாள்; ஆகலின் திருந்த வழியும் பெற்றாள். கூட்டத்துட் கரந்தார் தம் குரலைத் தாமே கேட்டிலர். ஆகலின் அவ்வழியும் பெற்றிலர். குடத்துப் பாலிற் பலர் துளித்துளியாய் நஞ்சு பெய்யினும், பெய்த கை ஒவ்வொன்றும் நஞ்சு பெய்த கையே. பழி பகுக்கப்படுவதன்று, மறைக்கப்படுவதே.

ஆதலின் கூட்டத்தொடு வாய்திறக்குமுன், 'இதனை யான் தனித்து நின்று, அவர் முகநோக்கிக் கூறுவேனோ?' என ஒவ்வொருவரும் தம் நெஞ்சை வினாவுதல் கடன்.