கணக்கும் பாசமும்

தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பது எம்மவர் மத்தியில் அடிக்கடி எடுத்தாளப்படும் பழமொழி. இதனைக் கூறுவோரே மறுகணம், பெற்றவளிடம் கணக்குப் பார்ப்பவன் மனிதனல்லன் என்றும் கூறுவர். சீட்டுக் காசு கட்டப் பிந்திய சொந்தக்காரியிடம் முதலாவதையும், வீட்டை எழுதித்தரத் தயங்கும் தகப்பனிடம் இரண்டாவதையும் பிரயோகிப்பது எமது வழக்கம். இவ்விரு கூற்றுக்களும் ஒரே வாயிலிருந்து பிறத்தலைக் கண்டு நாம் சிரித்துவிட்டுப் போகலாம். ஆயினும் இம்முரண்பாட்டின் அடியில் அறவியல் சார்ந்த வினாவொன்று கிடக்கின்றது. உறவினருக்கிடையே பொருட்கணக்கு வைத்தல் அன்புக்கு இழுக்காகுமா? அன்றி, கணக்கு வைக்காது விடுவதே யாரோ ஒருவருக்கு இழைக்கப்படும் அநீதியா?

முற்போக்காளர் பலர் இவ்வினாவுக்கு விடை தயாராக வைத்திருப்பர். 1848ஆம் ஆண்டு மார்க்சும் ஏங்கெல்சும் வெளியிட்ட கம்யூனிஸ்ட் கட்சி அறிக்கை, குடும்ப உறவு பண உறவாகச் சுருங்கியமைக்கு முதலாளித்துவத்தையே பொறுப்பாக்கிற்று. எனவே கணக்கு என்பது சந்தையிலிருந்து வீட்டினுள் நுழைந்த நோய். முன்னொரு காலத்தில் எமது வீடுகள் அந்நோயற்று இருந்தன என்பது அவர்தம் எண்ணம். அறிக்கையை இவ்வாறு யாழ்ப்பாணத்து வளவுகளின் மீது அப்படியே பொருத்த முனைவோர் சற்று நிதானித்தல் நலம்.

ஒல்லாந்தர் ஆட்சியில், யாழ்ப்பாணத்தில் நெடுங்காலம் வாழ்ந்த திசாவை கிளாஸ் ஐசாக்ஸ் என்பவர் இப்பகுதி மக்களின் வழமைகளை 1707இல் தொகுத்து அளித்தார். முதலிமார் பன்னிருவர் அதனைப் பார்வையிட்டு ஒப்பினர். ஆங்கிலேயர் 1806இல் அதற்குச் சட்டவலு வழங்கினர். அதுவே தேசவழமை. அதனைப் படிக்கும் எவரும் அங்கே பாசத்தைப் பற்றிய பேச்சு அதிகம் இல்லையென்பதை உணர்வர். முதுசம், சீதனம், தேடியதேட்டம் என்று குடும்பத்தின் உடைமை கூறு கூறாகப் பிரிக்கப்பட்டுள்ளது. பெற்றோர் உயிரோடிருக்கும்வரை ஆண்மக்கள் எதனையும் கேட்கலாகாது. மணமாகுமுன் அவர்கள் உழைப்பதெல்லாம், உடலில் அணியும் பொன் வெள்ளி நகைகள் நீங்கலாக, குடும்பப் பொதுவில் சேர்தல் வேண்டும். சீதனம் பெற்றுச் சென்ற மகள் அதனோடு அமைந்துவிட வேண்டும். யாருடைய வழமை இவ்வாறு பதியப்பட்டது என்பதையும் மறத்தலாகாது. அடிமைகளைப் பற்றிய பகுதியும் அத்தொகுப்பிலே உண்டு. நிலமும் பனையும் மாடும் போலவே மனிதரும் சிலருடைய கணக்கில் ஓர் ஆதனமாக இருந்தனர். அவர்தம் குடும்பங்களின் பாசத்தையோ கணக்கையோ எவரும் எழுதிவைக்கவில்லை.

ஆக, எம்மிடையே கணக்கு முதலாளித்துவத்தோடு வந்ததன்று. பழைய கணக்கை மூடிப் போர்த்திய பாசப் பேச்சே பின்னர் வந்தது என்று வேண்டுமானால் வாதிடலாம். ஆனால் அந்தப் பழைய கணக்கு எதனை அளந்தது, எதனை அளவாது விட்டது என்பதே நாம் கவனிக்க வேண்டியது. அது காணியை அளந்தது, நகையை நிறுத்தது. உழைப்பை, அதிலும் வீட்டினுள் நிகழும் உழைப்பை, அளந்திலது. தேடியதேட்டம் என்ற கருத்து, மணவாழ்வில் தேடிய பொருளில் மனைவிக்கும் பங்குண்டு என ஏற்றமை பாராட்டத்தக்கதே. எனினும் யாழ்ப்பாணத்தாரின் திருமண உரிமைகளையும் வழியுரிமையையும் பற்றிய 1911ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம், மனைவி தனது அசையா ஆதனத்தைக் கைமாற்றக் கணவனின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும் என விதித்தது. காணி அவள் பெயரில், கையொப்பம் அவன் கையில்.

நாம் நன்கறிந்த குடும்பமொன்றை இங்கே குறிப்பிடலாம். தகப்பன் சுருட்டுச் சுற்றியவர். அவருக்கு ஓய்வூதியம் ஏது? மூத்த மகனே அவருடைய ஓய்வூதியம். மகன் படித்து உதவி ஆசிரியரானான். அன்று தொடங்கிப் பதினைந்து ஆண்டுகள் அவனுடைய சம்பளம் இரண்டு தங்கைமாரின் சீதனமாகவும், தம்பியின் படிப்பாகவும், அடைவு வைத்த நகைகளின் வட்டியாகவும் மாறிற்று. நாற்பதை அண்மித்த பின்னரே அவன் மணம் முடித்தான். குமர்களைக் கரைசேர்த்த உத்தமன் என்று ஊர் அவனைப் போற்றியது. அவனோ ஒரு கொப்பியில் எல்லாவற்றையும் திகதியிட்டு எழுதி வந்தான். யாரிடமும் திருப்பிக் கேட்பதற்காகவன்று. தனது இளமை எங்கே போயிற்று என்று தனக்கே தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காக என்று ஒருமுறை எம்மிடம் சொன்னான்.

மூன்றாவது தங்கையொருத்தி இருந்தாள். அவளைக் கரைசேர்க்கக் காசு மிஞ்சவில்லை. பாரிசவாதத்தில் விழுந்த தாயை ஒன்பது ஆண்டுகள் அவளே பராமரித்தாள். தாயின் அந்தியேட்டி முடிந்த மறுநாள், வீட்டையும் வளவையும் பற்றிப் பேசச் சகோதரர் யாவரும் கூடினர். மூத்தவனின் கொப்பியைப் பற்றி எல்லோரும் மரியாதையோடு பேசினர். அவளைப் பற்றிப் பேச்சு வந்தபோது ஒருவர் சொன்னார்: “அவள் சும்மா வீட்டோடைதானே இருந்தவள்.”

இந்தச் ‘சும்மா’ என்னும் சொல்லைப் பற்றி ஒரு நூலே எழுதலாம். அதனைச் சொன்னவர் கொடியவரல்லர். அவரும் தாயை நேசித்தவரே. கூலி பெறாத உழைப்பு உழைப்பே அன்று என்னும் கருத்து எமது சிந்தையில் அத்துணை ஆழமாக வேரூன்றியுள்ளது. அந்த உழைப்புக்குப் ‘பாசம்’ என்று பெயரிட்டதும் அதனை அளக்க வேண்டிய கடமையினின்றும் நாம் விடுபட்டுவிடுகிறோம். முதலாளி தொழிலாளியின் வியர்வையை விழுங்குவதைக் கண்டு கொதிக்கும் நாமே, எமது வீட்டு அடுப்படியில் அதே காரியம் நடைபெறும்போது தாய்மையின் சிறப்பைப் பற்றிச் சொற்பொழிவாற்றுகிறோம். கணக்கு வைக்கக் கூடாது என்ற அறிவுரை பெரும்பாலும் யாரிடமிருந்து வருகின்றது? பெற வேண்டியவரிடமிருந்தா, கொடுக்க வேண்டியவரிடமிருந்தா?

இன்னொன்றையும் பார்ப்போம். 1945இல் கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தது. ஏழைக் குடும்பத்தின் கணக்கிலிருந்து பெருஞ் செலவொன்றை ஓர் அரசு தன் தலைமேல் ஏற்றுக்கொண்டது. எத்தனை சிக்கனமான தகப்பனும் செய்ய முடியாததை அது செய்தது. சுருட்டுத் தொழிலாளியின் மகன் ஆசிரியராக முடிந்ததும் அதனாலேயே. ஆனால் அவ்வாறு பொதுப்பணத்தில் படித்து உத்தியோகம் பெற்ற இளைஞர், அவ்வுத்தியோகத்தின் பெயரிலேயே கூடிய சீதனம் கேட்டனர். அன்றேல் கேட்ட பெற்றோருக்குப் பின்னால் மௌனமாக நின்றனர். நாடு இலவசமாகக் கொடுத்ததை மணச்சந்தையில் விலைபேசிய இந்த வியாபாரத்தில் ஆசிரியராகிய எமக்கும் பங்குண்டு. 1983இன் பின்னர் புலம்பெயர்ந்த பிள்ளைகள் அனுப்பிய காசு அந்த விலையை மேலும் உயர்த்தியதை யாவரும் அறிவர்.

சீதனத்தைக் கொடுத்த பின்னர் பெற்றோரின் நிலை யாது? இங்கே ‘சீவிய உரித்து’ என்னும் ஏற்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். வீட்டைப் பிள்ளைக்கு எழுதும்போது, தமது ஆயுட்காலம்வரை அதில் வாழ்ந்து அனுபவிக்கும் உரித்தைப் பெற்றோர் தமக்கென ஒதுக்கி வைக்கலாம். நொத்தாரிசு அதற்கென ஒரு வாசகம் எழுதுவார், அவ்வளவே. ஆயினும் எத்தனையோ பெற்றோர் அதனைக் கேட்க வெட்கப்படுகின்றனர். “பிள்ளையை நம்பாத மாதிரி இருக்கும்” என்பர். மாப்பிள்ளை வீட்டார் முகம் சுளிப்பர் என்ற அச்சமும் உண்டு. ஈற்றில், தாம் கட்டிய வீட்டின் பின்னறையில், மின்விசிறி போடுவதற்கும் மகளின் முகத்தைப் பார்த்துக்கொண்டு, முதியவர் இருவர் வாழ்கின்றனர். மகளும் நல்லவளே. ஆனால் அவளுடைய நல்ல குணத்தின் தயவில் அவர்கள் வாழவேண்டியுள்ளது; அதுவே வேதனை.

சீவிய உரித்தை எழுதிவைத்தல் அவநம்பிக்கையின் அடையாளம் என்பதை நாம் ஏற்கோம். உரித்தோடு பின்னறையில் இருக்கும் தாய் மகளைப் பார்த்துச் சிரிக்கும்போது அச்சிரிப்பில் வாடகை கலந்திராது. மகள் கொண்டுவந்து வைக்கும் கஞ்சியும் பிச்சையாகாது. கொடுக்காமல் விட முடியும் என்றிருப்பவர் கொடுப்பதுவும், கேட்காமலே வாழ முடியும் என்றிருப்பவர் பெறுவதுவும் அன்பாகலாம். வேறு வழியற்றவர்களுக்கிடையே நிகழ்வதை அன்பென்று அழைப்பதற்குச் சற்றுத் துணிவு வேண்டும். நன்கொடை உறுதியைப் பெருநன்றியீனத்தின் காரணமாக நீதிமன்றத்தின் மூலம் இரத்துச் செய்வது பற்றி 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் ஏற்பாடு செய்துள்ளது. பிள்ளையின் நன்றியை நீதவான் அளக்க நேரும் நிலையிலும் பார்க்க, உறுதி எழுதும் அன்றே ஒரு வரியைச் சேர்த்துவிடுவது எவ்வளவோ மானமுள்ள காரியம்.

இவ்வாறு கூறுவதனால், வங்கிகளும் காப்புறுதி நிறுவனங்களும் போதிக்கும் ‘திட்டமிட்ட வாழ்வு’ என்னும் உபதேசத்தை நாம் ஆதரிப்பதாக எவரும் கருதவேண்டாம். திருமணத்துக்கு இவ்வளவு, பிள்ளைப்பேற்றுக்கு இவ்வளவு, முதுமைக்கு இவ்வளவு என்று சம்பளத்தைப் பங்கிட்டுக் காட்டும் அந்த உபதேசம், பங்கிடுவதற்குச் சம்பளம் ஒன்று உண்டெனத் தொடங்குகின்றது. நாட்கூலிக்காரிக்கு அது பொருந்தாது. போரின் பின் வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் முகவர்கள் வாசலில் வந்து நின்றபோது, கணவனை இழந்த பெண்கள் ஒரு கடனை அடைக்க மறு கடன் எடுத்தமை திட்டமிடத் தெரியாமையினாலன்று. அன்றைய உலைக்கு அரிசி வேண்டியிருந்தமையினால். திட்டமிட்டுச் சேமித்தவருந் தப்பினாரல்லர். 2022இல் ரூபா வீழ்ந்து, செப்டெம்பரில் கொழும்பின் பணவீக்கம் ஏறத்தாழ 70 சதவீதத்தை எட்டியபோது, முப்பது ஆண்டுச் சிக்கனம் சில மாதங்களில் கரைந்தது. மறு ஆண்டு உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பில் சேமலாப நிதிகள் வைத்திருந்த திறைசேரி முறிகள் நீண்டகால முறிகளாக மாற்றப்பட்டன. அரசின் கடன் சுமையில் ஒரு பகுதி தொழிலாளரின் முதுமைக் காசின் மேல் இறக்கிவைக்கப்பட்டது.

அந்த ஊழியர் சேமலாப நிதியை எடுத்துக்கொள்வோம். 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின் வழி வந்த அந்நிதிக்குத் தொழிலாளி 8 சதவீதமும் தொழில் கொள்வோர் 12 சதவீதமும் செலுத்துகின்றனர். பிள்ளையின் தயவின்றி முதுமையைக் கழிக்கும் உரிமையைத் தனியார் துறைத் தொழிலாளிக்கு ஓரளவேனும் ஈட்டிக் கொடுத்தது அது. ஆயினும் அதிலே ஓர் ஏற்பாடு எம்மை எப்பொழுதும் உறுத்துவதுண்டு. பெண்ணொருத்தி திருமணத்தின் காரணமாக வேலையை விட்டு விலகினால், வயதெல்லைக்கு முன்னரே முழுத்தொகையையும் பெற்றுக்கொள்ளலாம். சலுகை போலவே தோன்றும். ஆனால் ஆடைத் தொழிற்சாலையில் பத்தாண்டுகள் ஊசியோடு போராடிய பெண்ணின் முதுமைக் காசு, அவளுடைய தாலிக்கும் தளபாடத்துக்கும் போய்ச்சேர வழி திறந்துவைத்திருப்பதும் அதுவே. தனது சீதனத்தைத் தானே உழைத்துக் கட்டியவளின் முதுமைக்கு யார் பொறுப்பு? அவளுடைய கணவனின் நல்ல குணமா?

ஆதலின் குடும்பக் கணக்கைச் சமுதாயக் கணக்கிலிருந்து பிரித்து நோக்குதல் இயலாது. ஓய்வூதியமும் வைத்தியமும் கல்வியும் பொதுவில் கிடைக்குமளவுக்கே மூத்த மகனின் முதுகு நிமிரும்; மூன்றாவது தங்கையின் இரவுகள் அவளுடையனவாகும். ஆனால் பொதுவில் எல்லாம் வரும்வரை வீட்டுக்குள் யாரும் எதுவும் கேட்கக் கூடாது என்று சொல்லும் தோழர்களை நாம் அறிவோம். அவர்களில் ஆண்களே அதிகம்.

முன்னர் கூறிய குடும்பத்தின் பேச்சு அன்றிரவு முடியவில்லை. மறுநாள் மூத்தவன் தனது கொப்பியைக் கொண்டுவந்து, கடைசிப் பக்கத்தில் தங்கையின் ஒன்பது ஆண்டுகளை எழுதினான். பகலுக்கும் இரவுக்கும் ஆள் வைத்திருந்தால் மாதம் எவ்வளவு கொடுக்க நேர்ந்திருக்கும் என்று யாழ்ப்பாணத்து நடைமுறைக் கூலியைக் கொண்டு பெருக்கிக் காட்டினான். வந்த தொகை வீட்டின் பெறுமதியைத் தாண்டிற்று. வீடு அவள் பெயருக்கு எழுதப்பட்டது. தம்பி மட்டும் கையொப்பமிட்டுவிட்டுப் போனவன், அதன்பின் அந்தப் படலையைத் திறக்கவில்லை. கொப்பி வைத்துக் குடும்பத்தை உடைத்தவன் என்று மூத்தவனை இன்றும் ஊரிற் சிலர் சொல்வதுண்டு. அதுபற்றி அந்தத் தங்கையிடம் எவரும் கேட்டதாகத் தெரியவில்லை.