மார்பிலிருக்கும் கண்

கணியம்பாடியிலிருந்து அமிர்தி வழியாக ஜவ்வாது மலைக்குச் செல்வோர், சாமையும் தேனும் புளியும் சுமந்து இறங்கிவரும் மலையாளிப் பழங்குடி மக்களை எதிர்கொள்வர். அம்மக்களின் ஊர்களில் 2015 ஏப்ரல் 7 என்னும் நாள் இன்னும் மறக்கப்படவில்லை. அன்று ஆந்திர மாநிலத்துச் சேஷாசல வனத்தில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் எனக் கூறப்பட்ட 20 தமிழகக் கூலித் தொழிலாளர்கள் கடத்தல் தடுப்புப் படையினரால் சுட்டுக்கொல்லப்பட்டனர். ஜவ்வாது மலையைச் சேர்ந்தவர்களும் அவர்களுள் இருந்தனர். கற்களாலும் அரிவாள்களாலும் தாக்கினர், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது காவல் தரப்பு. பேருந்திலிருந்து இறக்கிக் கொண்டுபோகப்பட்டவர்களே பிணமாகக் கிடந்தனர் என்றனர் தப்பி வந்தவர்கள்.

அண்மையில் மறைக்கல்வி வகுப்பு முடிந்ததும் இளைஞர் ஒருவர் நம்மிடம் கேட்டார்: “சாமி, அன்னிக்கு அவங்க நெஞ்சுல கேமரா மாட்டியிருந்தா, அந்த இருபது பேரும் உயிரோட திரும்பியிருப்பாங்களா?”

உடனே விடை கூற நம்மால் இயலவில்லை.

காவலர் மார்பில் அணியும் அச்சிறு கருவியை இன்று தமிழக நகரங்களிலும் காண்கிறோம். அது வெளிநோக்கிய கண். எதிரே நிற்பவனின் நடுக்கத்தையும், அவன் ஓங்கிய கையையும் அது காணும். அணிந்தவரின் முகம் அதில் விழுவதில்லை. பெரும்பாலும் அவரே பொத்தானை அழுத்தினால்தான் பதிவு தொடங்கும். 2020 மே 25 அன்று அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் ஃப்ளாய்ட் என்பவரின் கழுத்தைக் காவலர் ஒருவர் முழங்காலால் அழுத்திக் கொன்றபோது, அங்கிருந்த காவலர்கள் கேமரா அணிந்தே இருந்தனர். ஆயினும் காவல் துறையின் முதல் அறிக்கை அதனை உடல்நலக் கோளாறால் நேர்ந்த இறப்பு என்றே உரைத்தது. உலகுக்கு உண்மையைக் காட்டியது, வழியில் நின்ற பதினேழு வயதுப் பெண்ணின் கைப்பேசி. வாஷிங்டன் நகரில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட காவலரைக் கொண்டு நடத்தப்பட்டு 2017இல் வெளிவந்த ஆய்வும், கேமரா அணிந்தவர்க்கும் அணியாதவர்க்கும் இடையே வன்முறையில் குறிப்பிடத்தக்க வேறுபாட்டைக் காணவில்லை.

அவ்வளவு தொலைவு போவானேன்? நம் சாத்தான்குளம் இருக்கிறது. 2020 ஜூன் 19 அன்று காவல் நிலையத்தில் பிடித்துவைக்கப்பட்ட ஜெயராஜும் அவர் மகன் பென்னிக்ஸும் சில நாள்களில் இறந்தனர். அந்நிலையத்தில் கண்காணிப்புக் கேமராக்கள் இருந்தன. பதிவுகளைச் சேமிக்கப் போதிய இடமும் இருந்தது. ஆனால் அன்றாடம் தானாகவே அழிந்துபோகுமாறு அவை அமைக்கப்பட்டிருந்ததை விசாரிக்கச் சென்ற நீதித்துறை நடுவர் கண்டார். கருவி கண்டது, மனிதர் அதனை மறக்கச் செய்திருந்தனர். அவ்விரவில் நடந்ததை நடுவரிடம் எடுத்துரைத்தவர் அந்நிலையத்திலேயே பணியாற்றிய பெண் தலைமைக் காவலர் ஒருவர். அச்சத்தோடுதான் உரைத்தார், ஆயினும் உரைத்தார். அவர் எந்தப் பொத்தானையும் அழுத்தவில்லை. மனச்சான்று ஒன்றே அவரிடம் இருந்தது. அதே ஆண்டு டிசம்பர் 2 அன்று, எல்லாக் காவல் நிலையங்களிலும் ஒலியையும் பதியும் கேமராக்கள் வேண்டும், பதிவுகள் பதினெட்டு மாதங்கள் காக்கப்பட வேண்டும், இயலாவிடில் ஓராண்டுக்குக் குறையாமலேனும் காக்கப்பட வேண்டும் என உச்ச நீதிமன்றம் பணித்தது. பதிவு எத்தனை நாள் வாழவேண்டும் என்பதையும் நீதிமன்றமே சொல்லவேண்டியதாயிற்று.

இதைக் கேட்டு நம் பக்தர்கள் சிலர், “கடவுள் பார்க்கிறார், கேமரா எதற்கு?” எனலாம். இதனை நாம் ஏற்பதற்கில்லை. கடவுள் பார்க்கிறார் என்பது அடிப்பவனைத் தடுக்கவேண்டிய சொல். அடிபட்டவனின் வாயை அடைக்கும் ஆறுதலாக அது மாறிவிடலாகாது. பங்குதோறும் நிதிக்குழு வேண்டும் என்று திருச்சபைச் சட்டம் பணிக்கிறது. நம் நேர்மையை ஐயுறுகிறார்கள் என நாம் சினப்பதில்லை. (சினந்த பங்குக் குருக்களும் உண்டு என்பதை மறைப்பானேன்!) மனிதன் தவறக்கூடியவன் என்பதைக் குருமடத்தில் பாடமாகவே படித்தவர்கள் நாம். காவலர்க்கு மட்டும் அப்பாடம் பொருந்தாதா?

தண்டனைக்கு அஞ்சி எழும் மனத்துயர் நிறைவற்றது. ஆயினும் ஒப்புரவு அருளடையாளத்தை நாடி வருபவனிடம் திருச்சபை அதனை ஏற்றுக்கொள்கிறது. அன்பினால் எழும் துயருக்காகக் காத்திருந்து அவனைத் திருப்பி அனுப்புவதில்லை. கேமராவுக்கு அஞ்சி ஓங்கிய கை தாழுமாயின், அடியிலிருந்து தப்பியவனுக்கு அதுவே போதும். ஆனால் அந்த அச்சம் பிழைத்திருப்பதற்குப் பதிவு காவலரின் கையில் இருக்கலாகாது. குற்றஞ்சாட்டப்பட்டவனும் அவனுடைய வழக்குரைஞரும் கேட்டுப் பெறக்கூடிய இடத்தில் இருக்கவேண்டும். இது இல்லாத கேமரா, ஏழையை மட்டுமே பார்க்கும் இன்னுமொரு கண். அது வேண்டவே வேண்டாம் என்றும் நாம் சொல்லத் துணிவோம்.

அந்த இளைஞரை அடுத்த ஞாயிறு சந்தித்தபோது, கேமரா அந்த இருபது பேரைக் காத்திருக்கும் என உறுதி கூற நம்மால் இயலாது என்றோம். அந்தக் காட்டில் பொத்தானை அழுத்தும் விரலும் துப்பாக்கியின் விசையை இழுக்கும் விரலும் ஒரே கையினுடையவை. பேருந்திலிருந்து கொண்டுபோன கதை வெளியே தெரிந்தது, தப்பியவர்கள் தில்லிவரை சென்று தேசிய மனித உரிமை ஆணையத்தின் முன் வாய்திறந்ததால்தான் என்றோம்.

“அவங்களுக்குப் பயமா இருந்திருக்காதா சாமி?”

இருந்திருக்கும். அவர்களுக்குக் காவல் தரும்படி ஆணையமே பணிக்க வேண்டியிருந்தது. காவல் தரவேண்டியவர்களும் காவலர்களே.