பானைக்குள் போன காய்



பொதுக்காலம் 17ஆம் ஞாயிறாகிய இன்று, 20 வாற்கோதுமை அப்பங்களை 100 பேர் வயிறார உண்டதை முதல் வாசகத்தில் கேட்டோம். அதற்கு நேர் முன்னால் உள்ள நிகழ்ச்சி இன்றைய வாசகத்தில் இடம்பெறவில்லை. வீட்டுக்குப் போனதும் அரசர்கள் இரண்டாம் நூல், 4ஆம் அதிகாரம், 38 முதல் 41 வரை எடுத்துப் படியுங்கள்.

கில்காலில் பஞ்சம். இறைவாக்கினர் எலிசாவைச் சுற்றி அவருடைய குழுவினர் உட்கார்ந்திருக்கிறார்கள். பெரிய பானையை அடுப்பில் ஏற்றச் சொல்கிறார் அவர். ஒருவர் கீரை பறிக்க வயல்வெளிக்குப் போகிறார். தரையில் ஒரு காட்டுக்கொடி படர்ந்து காய்த்துக் கிடக்கிறது. மடி நிறையப் பறித்து வந்து நறுக்கிப் பானையில் போட்டுவிடுகிறார். என்ன காய் என்று அங்கே ஒருவருக்கும் தெரியாது. வாயில் வைத்த பிறகுதான் அலறல்.

அது பேய்க்குமட்டி என்பது விவிலிய அறிஞர் பலருடைய கருத்து. நம் பக்கத்து மணல் தரிசிலும் படரும். ஆற்றுத்தும்மட்டி என்றும் சொல்வார்கள். தர்ப்பூசணிக்கு நெருங்கிய சொந்தம். அதே ஆழமாகப் பிளந்த இலை, அதே மஞ்சள் பூ, அதே பற்றுச்சுருள். காய் ஆரஞ்சுப் பழ அளவில் உருண்டையாக, பச்சையில் வெளிறிய வரிகளோடு பார்க்க அழகாக இருக்கும். வேர் ஆழமாக இறங்குவதால், சுற்றிலும் எல்லாம் கருகின வறட்சியிலும் இது பசுமையாக நிற்கும். பசித்தவர் கண்ணில் அதுதானே முதலில் படும்? வெட்டினால் உள்ளே வெள்ளைப் பஞ்சுச் சதை, தாங்க முடியாத கசப்பு. அளவு தெரிந்த வைத்தியர் கையில் பேதி மருந்து. தெரியாமல் தின்றால் இரத்தபேதி வரை கொண்டுபோகும்.

அந்த மனிதரின் அன்பில் எந்தக் குறையும் இல்லை. பஞ்ச காலத்தில் தனக்கென்று ஒளித்து வைக்காமல் மடியோடு எல்லாருக்கும் கொண்டுவந்தவர் அவர். எலிசாவும் அவரை ஒரு வார்த்தை கடிந்ததாக விவிலியத்தில் இல்லை. மாவு கொண்டுவரச் சொல்லிப் பானையில் போட்டார். அதையே மக்களுக்குப் பரிமாறச் சொன்னார். மாவுக்கு நஞ்சை முறிக்கும் குணம் கிடையாது. அது ஆண்டவர் இரங்கிச் செய்த அருஞ்செயல். அதை நம்பி நாம் பானையில் எதையும் போட முடியாது.

ஆனால் நாமும் போடுகிறோம். சர்க்கரைக்கு இந்த இலை, சிறுநீரகக் கல்லுக்கு அந்த வேர் என்று படத்தோடு வாட்ஸ்அப்பில் வருவதை, நல்ல எண்ணத்தோடுதான் நாலு பேருக்கு அனுப்புகிறோம். செங்காந்தள் கிழங்கைச் சர்க்கரைவள்ளி என்று நினைத்துத் தின்று உயிரிழந்தவர்கள் உண்டு. கொஞ்சம் நாக்கில் வைத்துப் பார்க்கலாமே என்பதும் ஆபத்துதான். நல்ல மனசு இருந்தால் போதும் என்று நாம் அடிக்கடி சொல்லிக்கொள்கிறோம். கில்காலில் அது போதவில்லை. பானையை ஏற்றச் சொன்ன எலிசா பக்கத்திலேயே இருந்தார். நறுக்குவதற்கு முன்னால், “ஐயா, இது என்ன காய்?” என்று ஒருவர் கேட்டிருக்கலாம். தெரியாது என்று ஒத்துக்கொள்வதும் பந்தியில் உட்கார்ந்திருப்பவர்கள் மேல் காட்டும் அன்புதான்.

சாலமோனின் ஞானத்தைப் பேசும் இடத்தில், மரஞ்செடிகளைப் பற்றி அவருக்கு இருந்த அறிவையும் விவிலியம் சேர்த்தே சொல்கிறது. அந்த ஞானம் நம் பங்கிலும் இருக்கிறது. களை எடுக்கவும் கீரை பறிக்கவும் போகிற நம் தாய்மார்களிடம் ஒரு செடியைக் காட்டி, இது கீழாநெல்லியா என்று கேட்டுப்பாருங்கள். உடனே பதில் வராது. இணுக்கைத் திருப்பி, இலைக்கு அடியில் காய்கள் வரிசையாகத் தொங்குகின்றனவா என்று பார்ப்பார்கள். கசக்கி முகர்வார்கள். சந்தேகம் இருந்தால், “தெரியலப்பா, போட்டுடு” என்று சொல்லத் தயங்க மாட்டார்கள். பள்ளிக்கூடம் போகாத அந்த அம்மாக்களைக் கோயிலில் கடைசி வரிசையில் உட்காரவிட்டிருக்கிறோம். அது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

மறைக்கல்வி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மழை விழுந்து வரப்பெல்லாம் பச்சை பிடித்ததும், ஒரு ஞாயிறு வகுப்பை அந்த அம்மாக்களின் கையில் கொடுங்கள். பிள்ளைகள் நோட்டும் பென்சிலும் கொண்டுவரட்டும். செடியைப் பிடுங்காமல், நின்ற இடத்திலேயே பார்த்துக் கேட்டு எழுதட்டும். நானும் வருகிறேன்.